காரின் இலத்திரனியல் எரிபற்றல் தொகுதியில் பழுதைக் கண்டறிதல்

யாழ்ப்பாணத்தில் ஒரு கார் ஸ்ராட் ஆகாமல் நின்றுவிட்டால், பொனற்றைத் திறந்தவுடன் பலரும் செய்வது ஒன்றுதான்: ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் நுனியை எஞ்சின் உடலுக்கு அருகில் பிடித்துக்கொண்டு, பொறி பாய்கிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்பும்படி உள்ளே இருப்பவரிடம் சொல்வார்கள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் வீதியை நிறைத்திருந்த காலத்தில் இதில் பெரிய தவறு இருக்கவில்லை. 1990களின் பொருளாதாரத் தடையின்போது காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை, பொயின்ற் (கொயிலுக்கான மின்னை அறுக்கத் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளியைக் கண்ணாலும் எஞ்சினின் ஓட்டத்தைக் காதாலும் அளந்து பழகியது. அந்தக் கைத்திறனை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதே பழக்கத்தை ஒரு கொரோலாவிலோ விற்ஸிலோ கையாண்டால், பழுதைத் தேடப் போனவரே புதிய பழுதொன்றை உண்டாக்கிவிடுவார்.

காரணம் எளியது. பழைய தொகுதியில், பற்றரியின் மின்னைப் பிளக்குக்கு வேண்டிய உயர் அழுத்தமாக மாற்றும் கொயிலின் முதன்மைச் சுருளில் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 4 அம்பியருக்குள் அடங்கியிருந்தது. அதற்கு மேல் போனால் பொயின்ற் கருகிவிடும். பொயின்றுக்குப் பதிலாக ட்ரான்சிஸ்ரர் வந்தபோது அந்த எல்லை நீங்கியது. கொயிலில் சேரும் ஆற்றல் கூடியது. பிளக்குக்கு மின்னை அனுப்பும் துணைச் சுருளில் 30,000 வோல்ற்றுக்கு மேலும் எழக்கூடிய நிலை வந்தது. அந்த மின்னழுத்தத்துக்குப் பிளக்கின் வழியாகவோ வேறு உரிய பாதையாகவோ ஏர்த்தாகிய காரின் உலோக உடலுக்குப் போக வழியில்லாதபோது, அது கொயிலின் உள் காப்பைத் துளைத்துக்கொண்டு போகும். இல்லையெனில் அந்த ட்ரான்சிஸ்ரர் உள்ள இக்னைற்றரைத் தாக்கும். ஆகவே பிளக் வயரை வெறுமனே தொங்கவிட்டு எஞ்சினைச் சுழற்றுவதையும், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதையும் முற்றாகக் கைவிட வேண்டும்.

இதைவிட முக்கியமான இன்னொரு பழக்கமும் மாற வேண்டும். எதுவெனத் தெரியாத நிலையில் முதலில் பிளக்கை மாற்றி, பின்னர் கொயிலை மாற்றி, அதன் பின்னர் இக்னைற்றரை மாற்றிப் பழுதைத் துரத்துவது, உதிரிப்பாகம் மலிவாகவும் நம்பகமாகவும் கிடைக்கும் இடத்தில்கூட வீண்செலவே. இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் இங்கு ஓடும் கார்களில் பெரும்பகுதி வயதானவை, கடையில் கிடைக்கும் கொயில்களிலும் பல, கழற்றிய எஞ்சின்களிலிருந்து வந்தவை. சோதிக்காத பாகத்தைப் போட்டு, “கொயில் மாற்றியும் சரிவரவில்லை, ஆகவே பழுது கொயிலில் இல்லை” என்று முடிவுசெய்தால், அந்த முடிவும் நம்பத்தக்கதல்ல. ஒரு பாகம் பழுது என்று அளந்து நிறுவிய பின்னரே கடைக்குப் போக வேண்டும்.

உங்கள் காரில் இருப்பது எந்த வகை

முதல் வகையில், உயர் மின்னழுத்தத்தைப் பிளக்குகளுக்கு முறையாகப் பகிர்ந்தனுப்பும் டிஸ்ரிபியூட்டர் உண்டு. 1990களின் கொரோலாக்கள், நிசான் சனி போன்றவை இந்த வகையைச் சேர்ந்தவை. பொயின்ற் இருந்த இடத்தில் சுழலும் பற்களை உணரும் காந்தச் சுருளோ, ஹோல் சென்சரோ, சனியில் உள்ளதுபோல ஒளியால் உணரும் சென்சரோ இருக்கும். கொயிலுக்கு மின்னைக் கொடுத்து அறுக்கும் வேலையை இக்னைற்றர் செய்யும். இரண்டாவது வகையில் டிஸ்ரிபியூட்டர் இல்லை. ஒரே கொயில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே நேரத்தில் பொறி கொடுக்கும். மூன்றாவது வகையில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு கொயில் அமர்ந்திருக்கும். விற்ஸ், அக்சியோ, அக்குவா, ஹொண்டா ஃபிற் என இப்போது நம் வீதிகளில் அதிகம் காண்பவை இவ்வகையே.

வகை எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். பற்றரியிலிருந்து மின் வருகிறது. எஞ்சின் எந்த நிலையில் நிற்கிறது என்பதை ஒரு சென்சர் சொல்கிறது. அதைக் கேட்டு ஒரு ட்ரான்சிஸ்ரர் கொயிலின் மின்னை அறுக்கிறது. அறுக்கும் கணத்தில் துணைச் சுருளில் உயர் மின்னழுத்தம் எழுந்து பிளக்குக்குப் போகிறது. சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தது என்பதைக் கண்டுபிடிப்பதே நம் வேலை. கண்ணிகளை ஒழுங்காகச் சோதித்தால், அனுபவம் குறைந்தவரும் சரியான இடத்துக்கு வந்து சேரலாம்.

தொடங்குமுன்

தேவையான கருவிகள் அதிகமில்லை. ஒரு டிஜிற்றல் மல்ரிமீற்றர், 12 வோல்ற் சிறு பல்ப் பொருத்திய சோதனை விளக்கு, ஒரு எல்.ஈ.டி. சோதனை விளக்கு, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பொறிச் சோதிப்பான், பித்தளையிலான இடைவெளி அளவி ஆகியவை போதும். புதிய கார் என்றால், காரின் கணினி பதிந்த பழுதுக் குறிகளை வாசிக்கும் ஓபிடி ஸ்கானர் ஒன்றும் வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கார்கள் பலவற்றோடு மலிவான ஸ்கானர்கள் எல்லாம் பேசுவதில்லை என்பதால், வாங்குமுன் உங்கள் காரில் பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது.

பொறிச் சோதிப்பான் ஏன் வேண்டும், ஒரு பழைய பிளக்கை எஞ்சினில் சாய்த்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பிளக்கின் இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். வெளிக்காற்றில் அந்த இடைவெளியைச் சில ஆயிரம் வோல்ற்றே தாண்டிவிடும். சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்பட்டிருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு வேண்டும். அதனால் களைத்துப்போன கொயில்கூட வெளியே பொறி காட்டி நம்மை ஏமாற்றும். சோதிப்பானை 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை திறந்து, அதன் கிளிப்பை எஞ்சின் உடலின் சுத்தமான உலோகத்தில் உறுதியாகக் கவ்வவைத்துப் பார்க்கும்போது, நீலம் கலந்த வெண்ணிறத்தில் “சடக்” என்ற ஒலியுடன் தாண்டினால்தான் அது பொறி. மெல்லியதாக மஞ்சளாகவோ செம்மையாகவோ ஊசலாடினால் தொகுதி பலவீனமாக உள்ளது.

பாதுகாப்பு பற்றிச் சில விடயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்தச் சோதனைகளைச் செய்யவோ, செய்யும்போது அருகில் நிற்கவோ கூடாது. பொறி பார்க்குமுன் பெற்றோல் பம்பின் பியூஸைக் கழற்றிவிட வேண்டும். இல்லையெனில் எரியாத பெற்றோல் புகைக்குழாயில் சேர்ந்து புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றரைக் கெடுப்பதோடு, பொறிக்கு அருகில் பெற்றோல் ஆவி திரளவும் இடம்கொடுக்கும். கனெக்டர்களைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் சாவி அணைந்திருக்க வேண்டும். அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் எஞ்சின் எந்த நேரத்திலும் தானாக எழலாம் என்பதால், கார் “ரெடி” நிலையில் இருக்கும்போது எஞ்சினுக்குள் கை வைக்கக்கூடாது. செம்மஞ்சள் நிற வயர்களை எந்த நிலையிலும் தொடக்கூடாது. முதல் தலைமுறை அக்குவாவின் பெரிய பற்றரி 144 வோல்ற், அதன் இன்வேற்றர் அதை 520 வோல்ற் வரை உயர்த்துகிறது.

பற்றரியும் ஏர்த்தும்

எரிபற்றல் பழுது என்று கொண்டுவரப்படும் கார்களில் கணிசமானவற்றில் உண்மையான குறை பற்றரியிலோ ஏர்த்திலோ இருக்கிறது. நன்றாக ஏறிய பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற் காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிஞ்சியிருக்கிறது. ஸ்ராட்டர் சுழலும்போது அளவு 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால், மற்ற எதையும் தொடாமல் பற்றரியைச் சரிசெய்யுங்கள். கொயிலுக்குப் போகும் வோல்ற்றளவு குறைந்தால் பொறியின் பலமும் குறையும். அதற்கும் கீழே போனால் கட்டுப்பாட்டுக் கணினியே மயங்கிவிடும்.

அடுத்ததாக, மல்ரிமீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மறைத் தூணிலும் மற்றதை எஞ்சின் உடலிலும் வைத்து ஸ்ராட்டரைச் சுழற்றுங்கள். 0.3 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் வயரில் தடை உண்டு. பண்ணைப் பாலத்தைத் தாண்டித் தினமும் வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் போய்வரும் கார்களிலும், பொன்னாலையால் காரைநகர் போகும் கார்களிலும் இதை அதிகம் காணலாம். இருபுறமும் கடல்நீர் கிடக்கும் அந்த நீண்ட தாம்போதிகளில் சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பு ஈரம் காரின் அடிப்பகுதி முழுவதும் படிகிறது. ஏர்த் வயரின் நுனியிலுள்ள லக்குகள் வெளியே நல்லனபோலத் தெரிந்தாலும், வயர் இழைகள் உறைக்குள்ளே பச்சையாகிப் பொடிந்திருக்கும். லக்கைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, திரும்பப் பூட்டி மீண்டும் அளக்க வேண்டும். அளவு இறங்காவிட்டால் வயரையே மாற்றுவதுதான் சரி.

பொறி எங்கே இல்லை

இப்போது பொறிச் சோதிப்பானை ஒவ்வொரு சிலிண்டராக மாற்றிப் பாருங்கள். எல்லாச் சிலிண்டரிலும் பொறி பலமாக இருந்தால், எஞ்சின் எழாததற்குக் காரணம் பெரும்பாலும் எரிபொருளிலோ, பொறி விழும் நேரமான ரைமிங்கிலோ இருக்கிறது. ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் இல்லையென்றால் பழுது அந்தச் சிலிண்டருக்கே உரிய பாகத்தில் இருக்கிறது: பிளக், வயர், டிஸ்ரிபியூட்டர் மூடியின் அந்த முனை, அல்லது தனிக் கொயில். எதிலுமே பொறி இல்லையென்றால், எல்லாவற்றுக்கும் பொதுவான மின்வரவு, சென்சர், இக்னைற்றர், பொதுக் கொயில் ஆகியவற்றில் தேட வேண்டும். சாவியை அடையாளம் காணும் இமொபிலைசர் உள்ள காரில் அதன் விளக்கு விடாமல் மினுங்கினால், முதலில் மற்றச் சாவியால் முயன்று பார்க்கவும்.

எதிலும் பொறி இல்லாத நிலைக்கு ஒழுங்கு இது. சாவியைப் போட்டுக் கொயிலின் நேர்முனையில் வோல்ற்றளவைப் பாருங்கள். பற்றரியில் உள்ளதைவிட அரை வோல்ற்றுக்கு மேல் குறையக்கூடாது. ஸ்ராட்டர் சுழலும்போதும் அதே இடத்தில் மின் நிற்கிறதா என்று பார்ப்பது அவசியம். சில பழைய சாவிச் சுவிச்சுகளில் “ஸ்ராட்” நிலைக்குத் திருப்பியவுடன் கொயிலுக்கான தொடுகை மட்டும் விட்டுப்போகும். எஞ்சின் சுழலும்போது எழாமல், சாவியை விடும் கணத்தில் ஒருமுறை பற்றிக்கொள்ள முயல்வது இதற்கு நல்ல அறிகுறி. மின் வரவில்லையென்றால் பியூஸ், றிலே, சுவிச் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

மின் வருகிறது என்றால், டிஸ்ரிபியூட்டர் வகைக் காரில் பல்ப் வைத்த சோதனை விளக்கின் கிளிப்பைப் பற்றரியின் நேர்த்தூணில் மாட்டி, அதன் ஊசியைக் கொயிலின் மறைமுனையில் வைத்து எஞ்சினைச் சுழற்றுங்கள். ஊசியின் வெறும் உலோகத்தில் விரல் படக்கூடாது. அந்த முனையில் சில நூறு வோல்ற் எழும்பும். விளக்கு மினுங்கினால் இக்னைற்றர் தன் வேலையைச் செய்கிறது. பழுது கொயிலிலோ அதற்கு அப்பாலோ உள்ளது. மினுங்காவிட்டால் இக்னைற்றருக்குள் வரும் கட்டளைச் சைகையைப் பார்க்க வேண்டும். அங்கே பல்ப் விளக்கை வைக்கக்கூடாது. அது இழுக்கும் மின்னோட்டம் கணினியின் வெளியீட்டைக் கெடுக்கலாம். எல்.ஈ.டி. விளக்கைப் பயன்படுத்துங்கள். சைகை வந்தும் கொயில் அசையவில்லை என்றால், இக்னைற்றரின் மின்வரவையும் ஏர்த்தையும் அளந்து, இரண்டும் சரியென்று உறுதியான பின்னரே இக்னைற்றரைக் குற்றம் சொல்லலாம். சைகையே இல்லையென்றால் சென்சரின் பக்கம் போக வேண்டும்.

காந்தச் சுருள் வகைச் சென்சரில் கனெக்டரைக் கழற்றித் தடையை அளக்கலாம். பெரும்பாலானவை சில நூறு ஓமிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரம் ஓமுக்குள் இருக்கும், துல்லியமான அளவு அந்தக் காரின் கைந்நூலில் உண்டு. தடை சரியாக இருந்தாலும் சென்சர் சரியென்று ஆகிவிடாது. மல்ரிமீற்றரை மாறுதிசை வோல்ற்றில் வைத்து எஞ்சினைச் சுழற்றும்போது அளவு அசைகிறதா என்று பார்க்க வேண்டும். பல்லுக்கும் சென்சருக்கும் இடையிலான இடைவெளியை இரும்பு அளவியால் அளந்தால் காந்தம் அதை இழுத்துக் கணக்கைப் பிழைக்கச்செய்யும் என்பதால்தான் பித்தளை அளவி வேண்டும் என்றேன். பல கார்களில் இது 0.2 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை. ஹோல் சென்சரில் மூன்று வயர்கள் உண்டு. தடை அளப்பதால் எதுவும் தெரியாது. மின்வரவும் ஏர்த்தும் இருக்க, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றும்போது சைகை வயரில் வோல்ற்றளவு ஏறி இறங்க வேண்டும். ஒளிச் சென்சரில் டிஸ்ரிபியூட்டர் தண்டின் சீல் கசிந்து எண்ணெய் தட்டில் படிந்தால் ஒளி மறைந்துவிடும். மூடியைத் திறந்தவுடன் உள்ளே எண்ணெய் தெரிந்தால் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

1990களின் ரொயோட்டாக்களில் இன்னொரு வசதி உண்டு. இது பலருக்குத் தெரியாமலிருப்பது வருத்தமே. பொனற்றின் கீழுள்ள சிறிய சோதனைப் பெட்டியில் ரீஈ1 (TE1), ஈ1 (E1) என்ற இரு துளைகளை ஒரு வயர்த் துண்டால் இணைத்துச் சாவியைப் போட்டால், எஞ்சின் விளக்கு மினுங்கிப் பழுதுக் குறியைச் சொல்லும். ஒருமுறை மினுங்கி, இடைவிட்டு இரண்டு முறை மினுங்கினால் குறி 12. 12, 13 ஆகியவை சுழற்சிச் சைகை வரவில்லை என்பதையும், 14 என்பது இக்னைற்றரிலிருந்து கணினிக்குத் திரும்ப வேண்டிய உறுதிச் சைகை வரவில்லை என்பதையும் குறிக்கும். கழற்றுமுன் இதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

கொயிலும் உயர் அழுத்தப் பக்கமும்

கொயிலின் முதன்மைச் சுருளை அளக்குமுன் மல்ரிமீற்றரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் தடையைக் குறித்துப் பின்னர் கழிக்க வேண்டும். இலத்திரனியல் தொகுதியின் கொயிலில் முதன்மைத் தடை அரை ஓமுக்கும் ஒன்றரை ஓமுக்கும் இடைப்பட்டதாக இருப்பதால், வயர்களின் தடைகூட முடிவைத் திருப்பிவிடும். துணைச் சுருள் பொதுவாக 6 முதல் 15 கிலோஓம் வரை. அளவு முடிவிலியைக் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது, சந்தேகமில்லை. ஆனால் அளவு சரியாக இருப்பதால் கொயில் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. மல்ரிமீற்றர் ஒன்றிரண்டு வோல்ற்றில் அளக்கிறது. காப்பு உடைவது பல்லாயிரம் வோல்ற்றில், அதுவும் கொயில் சூடேறிய பிறகு. ஆகவே கொயிலின் இறுதித் தீர்ப்பைப் பொறிச் சோதிப்பானிடமே விட வேண்டும்.

டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் உள்ளும் புறமும் பாருங்கள். முனைக்கு முனை பென்சில் கோடுபோல ஓடும் கரித்தடம், மயிரிழை வெடிப்பு, நடுவிலுள்ள கரித்துண்டு தேய்ந்திருத்தல், மூடிக்குள் சுழலும் ரோட்டரின் நுனி கருகியிருத்தல் ஆகியவை தெரியும். கரித்தடம் விழுந்த மூடியைச் சுரண்டிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். மாரி காலத்தில், குறிப்பாக வாடைக் காற்றோடு மழை கொட்டும் கார்த்திகை, மார்கழி மாதக் காலைகளில் ஸ்ராட் ஆகாமல், வெயில் ஏறிய பின்னர் ஒன்றுமே நடவாததுபோல ஓடும் கார்களில் முதல் சந்தேகம் மூடிக்கும் வயர்களுக்கும் உரியது. இதை உறுதிப்படுத்த, இருட்டிய பின்னர் எஞ்சினை ஓடவிட்டு, கைகளை விலக்கி வைத்துக்கொண்டு, வயர்களின் மேல் பூச்செடிக்கு அடிக்கும் தெளிப்பானால் மெல்லிய நீர்ப்புகை தெளியுங்கள். காப்பு கெட்ட இடத்தில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும், எஞ்சினும் தடுமாறும்.

பிளக் வயர்களின் தடையையும் அளக்கலாம். ரொயோட்டாவின் கைந்நூல்கள் ஒரு வயருக்கு 25 கிலோஓம் வரை அனுமதிக்கின்றன. வயரைக் கழற்றும்போது இறப்பர் மூடியைப் பிடித்துத் திருகி இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே உள்ள கரியிழை அறுந்து, சோதித்ததாலேயே வயர் பழுதாகிவிடும். எந்த வயர் எந்தச் சிலிண்டருக்கு என்று நாடாவில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். நம் ஊரில் அதிகம் உள்ள நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் வெடிக்கும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2.

பிளக்கின் மேலேயே கொயில் உள்ள கார்கள்

இங்கே ஸ்கானர் நேரத்தை மிச்சப்படுத்தும். அது காட்டும் குறிகளில் பி0300 (P0300) என்றால் பல சிலிண்டர்களில் மாறிமாறி எரிபற்றல் தவறுகிறது. பி0301 முதல் பி0304 வரை, கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்று சொல்லும். பி0351இலிருந்து தொடங்குபவை கொயிலின் முதன்மைச் சுற்றைச் சுட்டும். பி0335 எஞ்சினின் பிரதான தண்டின் நிலையை உணரும் கிராங்க் சென்சர், பி0340 வால்வுகளை இயக்கும் தண்டின் நிலையை உணரும் காம் சென்சர். ஆனால் குறி என்பது கணினி கண்ட அறிகுறி மட்டுமே. பி0302 வந்தவுடன் இரண்டாம் கொயிலை வாங்க ஓடக்கூடாது. அதே குறியைத் தேய்ந்த பிளக்கும், அடைத்த இஞ்செக்ரரும் (பெற்றோலைத் தெளிக்கும் பாகம்), கசியும் வால்வும் கொடுக்கும்.

செய்ய வேண்டியது செலவில்லாதது. இரண்டாம் சிலிண்டரின் கொயிலை மூன்றாவதோடு இடம்மாற்றி, குறியை அழித்து, சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். குறி பி0303 ஆக நகர்ந்தால் கொயில்தான் பழுது. நகராமல் நின்றால் பிளக்கை இடம்மாற்றி மீண்டும் பாருங்கள். அதுவும் நகராவிட்டால் அந்தக் கொயிலுக்கு வரும் வயர், அதன் பின்னர் இஞ்செக்ரர், கொம்பிரஷன் என்று போக வேண்டும்.

ரொயோட்டாவின் தனிக் கொயில்களில் இக்னைற்றர் உள்ளேயே இருப்பதால் முதன்மைச் சுருளை ஓமில் அளக்க முடியாது. யாராவது அளந்து “நல்லது” என்று சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அதில் நான்கு வயர்கள் உண்டு: 12 வோல்ற் மின்வரவு, ஏர்த், கணினியிலிருந்து வரும் கட்டளைச் சைகை, கணினிக்குத் திரும்பும் உறுதிச் சைகை. கடைசிச் சைகை திரும்பாவிட்டால் கணினி இஞ்செக்ரரை நிறுத்திவிடும். அதனால் எரிபற்றல் பழுது ஒன்று எரிபொருள் பழுதுபோலத் தோன்றி அலைக்கழிக்கும்.

கொயிலைக் கழற்றியவுடன் பிளக் குழிக்குள் பாருங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் மேல்மூடியின் சீல் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் கொயிலை மட்டும் மாற்றினால் புதிய கொயிலின் இறப்பரும் ஊறிக் கெடும். நீர் நின்றால், சேர்விஸ் நிலையத்தில் எஞ்சினுக்கு அழுத்த நீர் அடித்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண் புழுதி படிந்த எஞ்சினைக் கழுவிப் பளபளக்கவைக்க விரும்புவது இயல்புதான். ஆனால் மறுநாள் தடுமாறி வரும் கார்கள் பலவற்றுக்கு அந்தக் கழுவலே காரணம். கொயிலின் இறப்பரில் வெண்மையான கோடு ஓடியிருந்தால் பொறி பக்கவாட்டில் தப்பிப் போயிருக்கிறது.

பிளக்கின் இடைவெளியை அளக்காமல் கொயிலை மாற்றக்கூடாது. தேய்ந்து 1.1 மில்லிமீற்றர் 1.5 ஆகிவிட்ட பிளக், ஒவ்வொரு பொறிக்கும் கொயிலிடம் கூடுதல் வோல்ற்றைக் கேட்கிறது. கொயில் எரிவது அதன் விளைவு. இரிடியம் பிளக்கை உப்புத்தாளாலோ கம்பித் தூரிகையாலோ தேய்க்கக்கூடாது, மெல்லிய நுனி முறிந்துவிடும். புதிய பிளக்கை எஞ்சின் ஆறிய பின்னர் விரலால் புரியில் ஏற்றி, அதன் பிறகே திருகுகோலைப் போடுங்கள். அலுமினிய எஞ்சின் தலையில் புரி கெட்டால் திருத்துவதற்குக் கொயிலின் விலையைப்போலப் பல மடங்கு போகும்.

சூட்டில் நின்று, ஆறியபின் ஓடும் கார்

இது மிகக் கடினமான வகை. பொறுமையாகச் செய்யாவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். ஏ9 வீதியில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் வந்த கார், ஆனையிறவு வெளியில் மதிய வெயிலில் எச்சரிக்கையின்றி அணைகிறது. அரை மணி நேரத்தில் தானாகவே எழுகிறது. கராஜுக்கு வந்தால் எந்தக் குறையும் தெரிவதில்லை. சந்தேகப்பட வேண்டியவை மூன்று: கிராங்க் சென்சர், இக்னைற்றர், பெற்றோல் பம்ப். இவற்றைப் பிரித்தறிய ஒரே வழி, கார் நின்ற கணத்திலேயே சோதிப்பதுதான். பொறிச் சோதிப்பானைக் காரிலேயே வைத்திருங்கள். நின்றவுடன் பொறி பலமாக இருந்தால் எரிபற்றல் தொகுதியை விட்டுவிட்டு பம்பைப் பாருங்கள். பொறி இல்லையென்றால், ஸ்ராட்டர் சுழலும்போது ஸ்கானரில் எஞ்சின் சுழற்சி எண்ணிக்கை தெரிகிறதா என்று பாருங்கள். பூச்சியமாகவே நின்றால் கிராங்க் சென்சரோ அதன் வயரோதான்.

கராஜில் வைத்து அதே நிலையை உண்டாக்கவும் முடியும். எஞ்சினை ஓடவிட்டு, தலைமயிர் உலர்த்தும் கருவியால் சந்தேகப்படும் பாகத்தை மட்டும் சூடாக்குங்கள். நின்றுவிட்டால் ஈரத்துணியை வைத்து அதை மட்டும் ஆறவிட்டு, எழுகிறதா என்று பாருங்கள். இக்னைற்றர் சூட்டில் விட்டால், மாற்றுமுன் அது ஏன் சூடானது என்று பார்ப்பது அவசியம். பல இக்னைற்றர்களின் அடியில் வெப்பத்தைக் கடத்தும் பசை பூசப்பட வேண்டும். பசையில்லாமல் பூட்டப்பட்ட புதிய இக்னைற்றரும் விரைவில் அதே வழியில் போகும்.

வயர்களையும் மறந்துவிடக்கூடாது. தென்னை, மா நிழலில் நிறுத்தப்படும் கார்களில் அணிலும் எலியும் வயரைக் கடிப்பது இங்கு சாதாரணம். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது கனெக்டர்களையும் சென்சர் வயர்களையும் மெல்ல அசைத்துப் பார்த்தால், அரைகுறையாகத் தொடும் இடம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பச்சை பிடித்த ஊசிகளைக் கொன்ராக்ற் கிளீனரால் கழுவ வேண்டும்; உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய் இன்னும் வேகமாகக் கறள் பிடிக்கும்.

இலத்திரனியலுக்கு மாற்றிய பழைய கார்கள்

நம்மிடம் இன்னும் அன்போடு பேணப்படும் ஒஸ்ரின்களுக்கும் மொறிஸ்களுக்கும் பொயின்றுக்குப் பதிலாக டிஸ்ரிபியூட்டருக்குள் பூட்டும் இலத்திரனியல் கிற்றுகள் வருகின்றன, நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்கள் பல, பற்றரியின் நேர்முனை காரின் உடலோடு இணைந்த நேர்முனை ஏர்த் கொண்டவை. கிற் எந்த ஏர்த்துக்குச் செய்யப்பட்டது என்று பார்க்காமல் இணைத்தால், சாவியைப் போட்ட கணத்திலேயே அது எரிந்துவிடும். கொயிலும் பொருந்த வேண்டும்: பழைய லூக்காஸ் கொயில்களைப்போல ஏறத்தாழ 3 ஓம் கேட்கும் கிற்றுக்கு ஒன்றரை ஓம் கொயிலைக் கொடுத்தால் மின்னோட்டம் இரட்டிக்கும். எஞ்சின் ஓடாதபோது, வானொலி கேட்பதற்காகவோ வேறெதற்காகவோ சாவியை எரிபற்றல் நிலையில் விட்டுவைக்கவும் கூடாது. சில கிற்றுகளில் அந்த நேரம் முழுவதும் கொயிலில் மின் ஓடிக்கொண்டேயிருக்கும்.

திருத்திய பின்னர்

முதலில் பெற்றோல் பம்பின் பியூஸைத் திரும்பப் போடுங்கள். டிஸ்ரிபியூட்டரைக் கழற்றிப் பூட்டியிருந்தால் ரைமிங் பார்த்தே ஆக வேண்டும். மேலே சொன்ன ரொயோட்டாக்களில் ரீஈ1, ஈ1 துளைகளை இணைத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறி ஐடிலில் ஓடும்போது ரைமிங் விளக்கால் பார்த்தால் 10 பாகை முன்னதாக நிற்க வேண்டும். இணைப்பை எடுத்தவுடன் கணினி அதைத் தானே முன்நகர்த்தும். இணைக்காமல் பார்த்து டிஸ்ரிபியூட்டரைத் திருப்பினால் ரைமிங் பிழைத்து, எஞ்சின் சூடேறுவதும் இழுவை குறைவதும் தொடங்கும். மற்றக் கார்களில் பழுதுக் குறிகளை அழித்து, எஞ்சின் முழுச்சூட்டுக்கு வரும்வரை குளிரூட்டியோடு ஓட்டி, திரும்பி வந்து ஸ்கானரை மீண்டும் மாட்டுங்கள். விளக்கு எரியாமலே தற்காலிகப் பட்டியலில் ஒரு குறி காத்திருக்கலாம். அந்தப் பட்டியலும் வெறுமையாக இருந்தால் காரை உரியவரிடம் கொடுக்கலாம்.